வெல்லம் கடைசியில்: சேலத்துச் சரக்கில் பார்பிக்யூ சாஸ்

வீட்டில் செய்த பார்பிக்யூ சாஸ் கசந்து போயிருந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வெல்லத்தை முதலிலேயே கொட்டிவிட்டிருப்பார்கள். இணையத்தில் கிடைக்கிற செய்முறைகளில் பாதிக்கு மேல் "எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள்" என்று முடிந்துவிடும். பாட்டில் கெச்சப்பில் தொடங்குகிறவர்களுக்கு அது சரிப்படும். கெச்சப்பில் தண்ணீர் ஏற்கெனவே வற்றியிருக்கிறது. சமைக்காத தக்காளிப் பழத்தில் தொடங்குகிறவர்களுக்கு அது ஆகாது. தக்காளியில் 100-க்கு 94, 95 பங்கு தண்ணீர். அது வற்ற ஒரு மணி நேரமாவது அடுப்பில் கிடக்க வேண்டும். அத்தனை நேரமும் வெல்லம் உள்ளே இருந்தால் அடியில் படிந்து கருகும். மேலே கிண்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. இனிப்பு ஏறிவிட்டால் புளிப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று நாக்கால் பிடிக்க முடியாது. ஆகவே முதலில் தக்காளி வற்றட்டும், பிறகு புளிப்பு, அதற்குப் பிறகு வெல்லம். இந்தப் பதிவில் சொல்வதற்கு இதுதான் முக்கியம். மீதியெல்லாம் சரக்கும் பக்குவமும்.

இந்த சாஸின் பிறந்த வீடு அமெரிக்கா. அங்கேயே ஊருக்கு ஒரு விதம். வட கரோலினாவின் கிழக்குப் பக்கம் வினிகரும் மிளகாயும் மட்டும், தண்ணீராக இருக்கும். தென் கரோலினாவில் கடுகு போட்டு மஞ்சளாக. அலபாமாவில் மயோனைஸ் கலந்து வெள்ளையாக. நம் ஊர்க் கடைகளில் பாட்டிலில் வருவது கேன்சஸ் சிட்டி வகை: தக்காளி, கரும்புப் பாகு, வினிகர், புகை வாசனை. இங்கே செய்யப்போவதும் அதன் உறவுதான். அந்த வகையில் பல பேர் ஊற்றுகிற வூஸ்டர்ஷயர் சாஸில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வினிகர், கரும்புப் பாகு, நெத்திலி இனத்து மீன், புளி. 1837 முதல் இங்கிலாந்தில் விற்கிறார்கள். புளி நம்மிடம் நேரடியாகவே இருக்கும்போது பாட்டிலுக்குப் போக வேண்டியதில்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மீன் பிரச்சினையும் இல்லை.

கடைப் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தால் 211 என்பது சோடியம் பென்சோயேட், 150டி என்பது கேரமல் நிறமி, 415 என்பது கெட்டிப்படுத்தும் சாந்தன் பிசின். இவை அனுமதிக்கப்பட்ட பொருட்கள்தான், விஷம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இவை மூன்றும் எதற்குப் பதிலாக நிற்கின்றன என்று பாருங்கள். கெட்டுப்போகாமல் இருக்கப் போதுமான புளிப்பு, நிறத்துக்கு நல்ல வெல்லமும் மிளகாயும், கெட்டிக்குப் பொறுமையாக வற்றவைத்தல். இந்த மூன்றும் வீட்டில் கைகூடுமானால் எண்கள் தேவைப்படாது.

தக்காளியிலிருந்து தொடங்கலாம். சேலத்து உழவர் சந்தையில், சூரமங்கலமோ தாதகாப்பட்டியோ எதுவானாலும், இரண்டு வகை கிடக்கும். உருண்டையாக, வரிவரியாக, தொட்டால் அமுங்குகிற நாட்டுத் தக்காளி. நீள்வாக்கில் கெட்டித் தோலோடு ஹைப்ரிட், நம் பக்கம் பெங்களூர்த் தக்காளி என்பார்கள். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் வாசனையும் அதிகம், சதை குறைவு. ஹைப்ரிட்டில் சதை அதிகம், புளிப்பு குறைவு. தனியாக எதையும் எடுக்காமல் 1,200 கிராம் நாட்டுத் தக்காளி, 800 கிராம் ஹைப்ரிட் என்று கலப்பதே என் கணக்கு. ஹைப்ரிட் மட்டும்தான் கிடைத்தது என்றால் புளியை 40 கிராமிலிருந்து 60 ஆக்க வேண்டும். மழை நாளில் வெடித்து வரும் பழத்தைத் தவிர்க்கலாம். வெடிப்பில் பூஞ்சை உட்கார்ந்திருக்கும், தண்ணீரும் அதிகம், அடுப்பு நேரம் இன்னும் கால் மணி நீளும். தலைவாசல் சந்தையில் விலை விழுந்து பெட்டி பெட்டியாகத் தேங்குகிற வாரங்கள்தான் இந்த வேலைக்கு உகந்தவை. அப்போது வருகிற பழம் செடியிலேயே சிவந்தது.

வெல்லத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். இயற்கையான சாஸ் என்று சொல்லிவிட்டு, பளீரென்று எலுமிச்சை மஞ்சளில் இருக்கும் வெல்லத்தைப் போட்டால் பெயருக்கே பொருளில்லை. கரும்புச் சாறு காய்ந்து வந்தால் நிறம் பழுப்பு. பொன் பழுப்பிலிருந்து அடர் பழுப்பு வரை இருக்கலாம். வெளிர் மஞ்சள் வருவதற்கு ஆலையில் ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுகிறார்கள். அதிலிருந்து தங்கும் சல்பைட் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அடுத்தது சர்க்கரைக் கலப்படம். ஓமலூர் வட்டார வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை போட்டு சர்க்கரை மூட்டைகளைப் பிடித்த செய்தி சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. சர்க்கரை சேர்ந்த வெல்லத்தை உடைத்து வெயிலில் திருப்பினால் உடைந்த முகத்தில் படிகம் மினுங்கும். வாயில் போட்டால் நறநறக்கும். கரும்பு வாசனை இருக்காது, வெறும் தித்திப்பு. நல்ல வெல்லம் உடையும்போது கொஞ்சம் இழுக்கும், லேசான உவர்ப்போடு கரையும். செவ்வாய்ப்பேட்டையிலோ லீ பஜாரிலோ வாங்கும்போது "கலர் போடாத வெல்லம், பாகு நிறத்துல குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் அழுக்காகத் தெரிவதைத்தான் எடுத்துக்கொடுப்பார்கள். அதுதான் வேண்டும். மண்ணும் சக்கையும் வடிகட்டினால் போய்விடும், ஹைட்ரோஸ் போகாது.

அமெரிக்கச் செய்முறைகளில் வரும் மொலாசஸுக்கு, அதாவது மேலே சொன்ன கரும்புப் பாகுக்கு, நம்மிடம் கிட்டத்தட்ட இணையானது பனங்கருப்பட்டி. அந்தக் கரும்புகை வாசனை அதில் உண்டு. ஆனால் முழுக்கக் கருப்பட்டியே போட்டால் சாஸ் சுக்குக் காப்பி நினைவைத் தந்துவிடும். மூன்று பங்கு வெல்லத்துக்கு ஒரு பங்கு கருப்பட்டி போதும். சேர்வராயன் மலைத் தேன் வாங்கி வைத்திருப்பவர்கள் அதை இதில் வீணாக்க வேண்டாம். தேனில் இருக்கும் ஃபிரக்டோஸ் மற்ற சர்க்கரைகளைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறிக் கருகத் தொடங்கும்.

வினிகரில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மளிகைக் கடையில் வெள்ளையாக, மலிவாகக் கிடைப்பதின் சீட்டில் சின்ன எழுத்தில் 'சிந்தெடிக்' என்று இருக்கும். அது அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. புளிப்பும் பாதுகாப்பும் அதில் வரும், ருசி வராது. நொதிக்க வைத்த ஆப்பிள் வினிகரோ கரும்பு வினிகரோ வாங்கலாம். எதுவானாலும் சீட்டில் அமிலத்தன்மை 5 சதவீதம் என்று இருக்க வேண்டும். 4 என்று இருந்தால் இங்கே சொல்லும் 150 மில்லியை 190 ஆக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பழத்தோல் ஊறவைத்து எடுத்த வினிகரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் அமிலம் எவ்வளவு என்று அளக்காமல் தெரியாது, சாஸ் கெடாமல் நிற்பதே அந்த எண்ணை நம்பித்தான்.

மிளகாயில் நிறத்துக்குப் பேடகி, காரத்துக்குக் குண்டு. மிளகும் காப்பியும் ஏற்காட்டிலிருந்து. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காப்பி இன்றும் மலை முழுக்க நிற்கிறது. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடி ஏறுகிறது. காப்பி எதற்கு என்றால், இந்த வகை சாஸின் அடியில் ஒரு வறுத்த கசப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தக்காளித் தொக்குக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. சிக்கரி கலக்காத தூளாக இருக்கட்டும். சிக்கரியின் கசப்பு நாக்கிலேயே தங்கும்.

ஒரு லிட்டர் சாஸுக்கு அளவு இது. தக்காளி மேலே சொன்னபடி 2 கிலோ. சின்ன வெங்காயம் உரித்தது 200 கிராம், பூண்டு 40 கிராம். பேடகி மிளகாய் 15, குண்டு மிளகாய் 4. புளி 40 கிராம். வெல்லம் 200 கிராம், கருப்பட்டி 60 கிராம். வினிகர் 150 மில்லி. கல்லுப்பு 22 கிராம்; தூள் உப்பானாலும் எடை அதேதான், ஸ்பூன் கணக்கில் போட்டால்தான் தப்பும். செக்குக் கடலை எண்ணெய் 30 மில்லி. முதல் டிகாஷன் 60 மில்லி. கடுகு 10 கிராம், மிளகு 8 கிராம், மல்லி ஒரு டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், பட்டை ஒரு விரற்கடை, கிராம்பு இரண்டே இரண்டு. மூன்றாவது கிராம்பு போட்டால் பல்வலி மருந்து வாசனை வரும். சோம்பு, கறிவேப்பிலை, பெருங்காயம், வெந்தயம் எதுவும் கிட்டே வரக் கூடாது. கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். போனால் கிடைப்பது நல்ல புளிக்குழம்பு, பார்பிக்யூ சாஸ் அல்ல.

பாத்திரம் அகலமாக இருக்க வேண்டும். வாய் அகன்றால் நீர் சீக்கிரம் வற்றும். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, இரும்பு மூன்றும் ஆகாது. புளியும் வினிகரும் உலோகத்தைத் தின்று சாஸுக்குக் காசு வாசனை தரும். அடி கனமான எவர்சில்வர் சரி. உருக்காலை இருக்கிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. இதைவிட நல்லது கல்சட்டி. சேலத்து மாக்கல்லில் கடைந்த சட்டி புளிக்கு அஞ்சாது, சூடு ஒரே சீராகப் பரவும், அடிப்பிடிப்பது குறைவு. ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் வைத்து, பதம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே இறக்க வேண்டும். புதுச் சட்டியைப் பழக்காமல் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும்.

இனி வேலை. தக்காளியை முழுசாகவே கரி அடுப்பின் மேல் கம்பி வலை வைத்துச் சுட வேண்டும், கத்தரிக்காயைச் சுடுவது போல. கொட்டாங்குச்சிக் கரி நல்லது. தோல் கருத்து வெடித்து, சதை குழைய எட்டுப் பத்து நிமிடம் ஆகும். சின்ன வெங்காயத்தைக் கம்பியில் கோத்து அதே நெருப்பில் வாட்டிக்கொள்ளலாம். கேஸ் அடுப்பிலும் இதையெல்லாம் செய்யலாம், புகை வாசனை குறையும், அவ்வளவுதான். ஆறியதும் தக்காளித் தோலில் முக்கால் பங்கை உரித்துப் போட்டுவிட்டுக் கால் பங்கை மட்டும் விடுங்கள். எல்லாத் தோலையும் விட்டால் கரிக் கசப்பு. எல்லாவற்றையும் எடுத்தால் சுட்டதற்கே பலனில்லை. பிறகு மிக்ஸியில் அடிக்காமல் கையால் பிசைந்து சல்லடையில் தேய்த்து வடியுங்கள். மிக்ஸியில் ஓட்டினால் விதை உடைந்து கசப்பு இறங்கும். சல்லடைக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சேரும்.

மிளகாயின் காம்பையும் பாதி விதையையும் நீக்கி, வெறும் சட்டியில் சிறு தீயில் அரை நிமிடம் புரட்டுங்கள். வாசனை வந்தால் போதும், கருத்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். ஒரு மிளகாய் கருகினாலும் லிட்டர் முழுக்கத் தெரியும். வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, வெங்காயம், பூண்டோடு மைய அரையுங்கள். இந்த விழுதைக் கடலை எண்ணெயில் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் வதக்க வேண்டும். மிளகாயின் சிவப்பு எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. நிறமி தேவைப்படாமல் போவது இந்தப் படியில்தான். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து செக்கச்செவேலென்று நிற்கும்போது தக்காளிச் சாற்றை ஊற்றலாம்.

ஊற்றியதும் மரக்கரண்டியின் காம்பை நேராக நிறுத்தி, சாறு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கத்தியால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். பாதி உயரத்துக்கும் கொஞ்சம் கீழே இன்னொரு கீறல். இரண்டாவது கீறலுக்கு இறங்கும்வரை மூடாமல், நடுத்தர தீயில் வற்ற வேண்டும். 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். கடைசிக் கால் மணியில் தெறிக்கும், கை சுடும். தெறிப்பு மூடி இருந்தால் போடலாம், சாதா மூடி போட்டால் ஆவி திரும்பி உள்ளேயே விழும். இந்த ஒரு மணி நேரத்தைக் குறுக்குவழியில் கடக்கத்தான் பலருக்கும் மரவள்ளி மாவு நினைவுக்கு வரும். ஜவ்வரிசி ஊரில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வேண்டாம். அமிலத்தோடு கொதித்தால் மாவின் பிடிப்பு உடைந்து, கெட்டியாவதற்குப் பதில் கோழையாக இழுபடும். ஆறிக் குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள் இருந்தால் தண்ணீர் தனியாகக் கக்கும். தண்ணீரை வெளியேற்றுவது வேறு, கட்டிப்போடுவது வேறு.

மட்டம் இறங்கிய பிறகு புளி. 40 கிராமை 200 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்தால் 150 மில்லி கெட்டிக் கரைசல் வரும். அதோடு 100 மில்லி வினிகரும், உப்பில் பாதியும். பச்சை வாசனை போக பத்து நிமிடம். வினிகரில் 50 மில்லியை எடுத்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: கொதிக்கும்போது தண்ணீரோடு அசிட்டிக் அமிலமும் கொஞ்சம் ஆவியாகிப் போகிறது. முழுவதையும் இப்போதே ஊற்றினால் வீடெல்லாம் புளிப்பு நெடி இருக்கும், சாஸில் இருக்காது. இந்தக் கட்டத்தில் ருசி பாருங்கள். முகம் சுளிக்கிற அளவு புளிக்க வேண்டும். சுளிக்கவில்லை என்றால் வெல்லம் போட்ட பிறகு சாஸ் சப்பென்று இருக்கும்.

வெல்லத்தையும் கருப்பட்டியையும் 100 மில்லி தண்ணீரில் கரையவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, சூடாகவே ஊற்றுங்கள். டிகாஷனும், மீதி உப்பும், வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துச் சலித்த மிளகு, மல்லி, சீரகம், பட்டை, கிராம்புப் பொடியும் இப்போதுதான். இனி தீ சிறுத்தே இருக்க வேண்டும், கரண்டி அடியைத் தொட்டே சுற்ற வேண்டும். 15 நிமிடம். போனை எடுக்கிற நேரம் இது இல்லை.

கடுகைப் பற்றி ஒரு வார்த்தை. தாளிக்கிற கடுகு வேறு, இது வேறு. கடுகைப் பொடித்துப் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்தால்தான் மூக்கில் ஏறுகிற அந்த உறைப்பு பிறக்கிறது. உள்ளே ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. வெந்நீர் ஊற்றினால் நொதி செத்துவிடும், வெறும் கசப்பு மட்டும் மிஞ்சும். பத்து நிமிடம் கழித்து, எடுத்து வைத்த 50 மில்லி வினிகரை அதில் ஊற்றினால் உறைப்பு அப்படியே நிற்கும். இந்தக் கலவையைக் கடைசி இரண்டு நிமிடத்தில் சாஸில் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள்.

பதம் பார்க்க ஒரு ஸ்பூன் சாஸைக் குளிர்ந்த தட்டில் விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். விரலால் கோடு இழுத்தால் கோடு மூடக் கூடாது. ஓரத்தில் தண்ணீர் வளையம் கசியக் கூடாது. வளையம் கசிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். சூடாக இருக்கும்போது பாத்திரத்தில் தெரியும் கெட்டியை நம்பினால் ஆறியதும் அல்வா ஆகிவிடும். பிறகு மிக்ஸியில் ஒரு ஓட்டு ஓட்டி, வேண்டுமானால் இன்னொரு முறை சலித்துக்கொள்ளலாம்.

புகை போதவில்லை என்று தோன்றினால் பாட்டிலில் விற்கும் திரவப் புகை தேடிப் போக வேண்டாம். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைச் சாஸின் மேல் மிதக்க விட்டு, அதில் கனல் ஏறிய கொட்டாங்குச்சிக் கரித் துண்டை வைத்து, அரை டீஸ்பூன் நெய் விட்டுச் சட்டென்று மூடுங்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம் வைத்தால் சாம்பல் வாசனைதான் மிஞ்சும். தக்காளியையே மரப் புகையில் வைக்க இடமும் அடுப்பும் உள்ளவர்கள் காய்ந்த கொய்யா, மா விறகு போடலாம். பச்சை விறகின் கெட்டி வெள்ளைப் புகை தார் கசப்பு தரும். நீலம் பாய்ந்த மெல்லிய புகையாக மாறிய பிறகே தக்காளியை வைக்க வேண்டும். ஏற்காட்டில் சும்மா கிடைக்கிறதே என்று யூகலிப்டஸை எடுத்தால் சாஸ் தைல வாசனை அடிக்கும். சில்வர் ஓக்கும் வேண்டாம்.

அதிகமாகப் புளித்துவிட்டால் வெல்லம் சேர்க்கலாம், சோடா உப்பு மட்டும் போடவே கூடாது. ருசியோடு பாதுகாப்பும் போய்விடும். அதிகமாகத் தித்தித்தால் புளியைத் தேடாமல் ஒரு ஸ்பூன் வினிகர். கடைசியில் சேரும் புளி பச்சையாகவே நிற்கும். கசப்புக்கு மட்டும் வைத்தியம் இல்லை. கருகிய பூண்டோ அடிப்பிடித்த வெல்லமோ காரணமென்றால், அடியைச் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றி ருசி பாருங்கள். அப்போதும் கசந்தால் நேரத்தை விரயமாக்க வேண்டாம். செய்த அன்றே கார நெடியும் வினிகர் நெடியும் தனித்தனியாகத் தெரிவது தவறல்ல. ஓர் இரவு போனால் அவை கலந்துவிடும். ருசி திருத்தம் எல்லாம் மறுநாள் காலையில்.

பாட்டிலுக்கு வருவோம். நச்சுக் கிருமி வளராமல் இருக்க பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொது விதி. வீட்டில் அளவு தப்பும் என்பதால் 4.0-க்குக் கீழே வைப்பதே நல்லது. லிட்மஸ் தாள் இதற்கு உதவாது. ஆய்வகப் பொருள் கடைகளில் கிடைக்கும், எண்களோடு நிறம் காட்டும் பி.எச். தாள் வேண்டும். சாஸின் சிவப்பு நிறம் தாளைக் குழப்பும், ஆகவே தெளிந்த நீரைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிப் பாட்டில், கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தது, சாஸும் சூடு பாட்டிலும் சூடு. இப்படி ஊற்றி ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நான்கு வாரம். உறைய வைத்தால் ஆறு மாதம். ஐஸ் தட்டில் கட்டிகளாக உறைய வைத்துக்கொண்டால் வேண்டிய அளவு எடுக்கலாம். மேலே பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் பாட்டிலையே கொட்டிவிட வேண்டும், சுரண்டி எடுத்துவிட்டுச் சாப்பிடக் கூடாது. அலமாரியில் வெளியே வைக்கும் ஆசை இருந்தால், பி.எச். அளக்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஏற்காட்டில் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கீழே 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் மேலே 95-லேயே கொதித்துவிடும். அதே கொப்புளம், அதே ஆவி, ஆனால் சூடு நான்கு டிகிரி குறைவு. வெங்காய விழுது குழைய, புளியின் பச்சை போக ஐந்தாறு நிமிடம் கூட வேண்டும். பாட்டில்களை மூடிக் கொதிநீரில் வைத்துப் பதப்படுத்துகிறவர்கள் கீழே 20 நிமிடம் வைத்தால் மேலே 30 நிமிடம் வைக்க வேண்டும். மலை விடுதிகளில் அடுப்படி வேலைக்கு வருகிறவர்கள் கீழ்நாட்டுக் கணக்கையே மேலேயும் வைத்துக்கொள்வது சகஜம். கொதித்ததைப் பார்த்தோமே என்பார்கள்.

பூசுகிற நேரமும் வெல்லம் போடுகிற நேரத்தைப் போலத்தான், கடைசியில். இந்த சாஸில் எடைக்குக் கால் பங்குக்கு மேல் சர்க்கரை. கரி நெருப்பின் மேல் கம்பி வலையின் சூடு 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அங்கே சர்க்கரை நிமிடங்களில் கரியாகும். கோழித் தொடையை உப்பு, மிளகு, எண்ணெய் மட்டும் தடவி 25 நிமிடம் மிதமான நெருப்பில் திருப்பித் திருப்பி வாட்டி, கடைசிப் பத்து நிமிடத்தில் சாஸை மெல்லியதாக ஒரு பூச்சு, நான்கு நிமிடம் கழித்து இன்னொரு பூச்சு. எலும்பருகே சூடு 74 டிகிரி வந்தால் வெந்தது. பச்சைக் கறியைத் தொட்ட தூரிகையைப் பாட்டிலுக்குள் விட வேண்டாம், கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். சைவத்துக்கு பலாக்காய் சிறப்பு: உப்பு நீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, சாஸில் பிரட்டிச் சட்டியில் ஓரம் முறுக வாட்டினால் போதும். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் அப்படியே. சேலத்துத் தட்டுவடை செட்டில் (இரண்டு தட்டைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்தது) சிவப்புச் சட்னிக்குப் பதிலாக இதைத் தடவிப் பார்க்கலாம், ஆனால் செட்டுக் கடைக்காரர் முன்னால் வேண்டாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை மாம்பழம் போட்டும் செய்யலாம். மல்கோவாவைத் தொட வேண்டாம், அதை அப்படியே சாப்பிடுவதுதான் மரியாதை. கிளிமூக்கு மாங்காய் அரைப்பழமாக இருப்பது 700 கிராம் சதை, சுட்ட தக்காளி 1 கிலோ. மீதி அளவெல்லாம் அதேதான். வெல்லம் மட்டும் 120 கிராம், கருப்பட்டி 40 கிராம். மாம்பழம் தித்திக்கிறதே என்று வினிகரைக் கூட்டவும் வேண்டாம், புளிக்கிறதே என்று குறைக்கவும் வேண்டாம். பழுத்த மாம்பழம் நாக்குக்குத் தெரிவதைவிட அமிலம் குறைந்தது. மாம்பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருள் ஆறும்போது இறுகும் என்பதால், தட்டில் இழுத்த கோடு கொஞ்சம் மூடுகிற பதத்திலேயே இறக்கிவிட வேண்டும். தெறிப்பு தக்காளியைவிட மோசமாக இருக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.